குறி தாளில் இருக்கட்டும்!

புதுச்சேரியின் நோணாங்குப்பத்து வாசகர் ஒருவர் ரைபிள் வாங்க யோசனை கேட்டிருந்தார். சென்ற இதழில் கேள்வியை மட்டும் வெளியிட்டு, பதிலுக்கு ஒரு மாதம் அவகாசம் கேட்டிருந்தேன். அதற்குள் சுற்றுவட்டாரமே பேனா பிடித்துவிட்டது. ஆகவே இந்த இதழ் முழுக்கத் துப்பாக்கிக்கே.

குறி பார்த்துச் சுடப் பழகவும் வேண்டும். முயல், காடை, கௌதாரி என்று சின்னதாக வேட்டைக்குப் போகவும் வேண்டும். இரண்டுக்கும் ஆகிற மாதிரி, எடை குறைந்த பாயின்ட் டூ டூ (.22) ரைபிள் ஒன்று சொல்லுங்களேன்.
*– வாசகர், நோணாங்குப்பம்*

உங்கள் கேள்வியில் இரண்டு பாதி இருக்கிறது. முதல் பாதியில் நான் உங்கள் பக்கம். இரண்டாம் பாதியில் முயலின் பக்கம்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, சிறு வேட்டைக்கு லைசென்ஸ் வாங்க அதில் இடம் இருந்தது. 1991-இல் வந்த திருத்தம் அந்தக் கதவை மூடிவிட்டது. 2022-இல் மறுபடி திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில் நம் காட்டு முயல் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதைச் சுட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொன்றால்தான் குற்றம் என்பதில்லை. சுட முயன்றாலும், கண்ணி வைத்தாலும், கூட்டைக் கலைத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வேட்டைதான். நீதிமன்றம் நினைத்தால் அந்தத் துப்பாக்கிக்கான லைசென்ஸையும் ரத்து செய்து, ஐந்து ஆண்டுக்கு வேறு லைசென்ஸ் கிடைக்காமல் செய்யலாம். ஒரு முயலுக்காக ரைபிளையே இழப்பீர்கள்.

ஆகவே கேள்வியைப் பாதியாக்கிக்கொள்வோம். குறி பார்க்கப் பழக எந்த ரைபிள்? அதற்கு மனம் நிறைந்து பதில் சொல்கிறேன். காடை சாப்பிட ஆசை என்றால் பண்ணையில் வளர்த்த காடை இருக்கிறது. அதற்கு லைசென்ஸ் வேண்டாம்.

எத்தனையோ ரைபிள் இருக்க, எல்லாரும் .22-ஐயே சொல்கிறார்களே, அதில் அப்படி என்ன விசேஷம்?
*– வாசகர், அரியாங்குப்பம்*

அடக்கம்தான் விசேஷம். பெரிய ரைபிளின் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பகுதியின் நடுவில், தனிக் குமிழில் இருக்கும். .22 தோட்டாவில் அது அடிவிளிம்பைச் சுற்றி உள்ளே பூசப்பட்டிருக்கும். ரைபிளின் ஊசி விளிம்பை நசுக்கியதும் மருந்து பற்றி, குண்டு கிளம்பும். இந்த வகைக்கு ரிம்ஃபயர் என்று பெயர்.

இதற்கு வழி காட்டியவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பது புதுச்சேரிக்காரர்களுக்குப் பிடிக்கும். 1845-இல் பாரீஸில் லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்ற துப்பாக்கிக் கலைஞர் மருந்துக் குப்பியின் வாயிலேயே ஒரு சிறு குண்டைப் பொருத்தினார். தனி வெடிமருந்து கிடையாது. வீட்டுக் கூடத்துக்குள் குறி வைத்து விளையாடவே அது பிறந்தது. 1857-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் .22 ஷார்ட் தோட்டாவைக் கொண்டுவந்தது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் .22 லாங் ரைபிள் தோட்டா 1887-இல் வந்தது. கூடத்தில் பிறந்த பிள்ளை இன்றைக்கும் அந்தக் குணத்தோடுதான் இருக்கிறது. இரண்டரை கிராம் சொச்சம் எடையுள்ள ஈயக்குண்டு, தோளில் உதைப்பு இல்லை என்றே சொல்லலாம், பெரிய ரைபிளின் சத்தமும் இல்லை.

புதிதாகச் சுடுபவரின் முதல் எதிரி பயம். அடுத்த நொடி உதைக்குமே என்று கண்ணை மூடி, தோளைச் சுருக்கி, டிரிகரைப் பட்டென்று இழுத்துவிடுவார். .22 அந்தப் பயத்தை வரவிடாது. தப்பு செய்தால் அது உங்கள் தப்பு என்று தாளில் உள்ள ஓட்டை காட்டிக்கொடுக்கும். அதனால்தான் ஆசிரியர்கள் இதைக் கையில் கொடுக்கிறார்கள்.

நான் என்.சி.சி. மாணவி. எங்கள் முகாமில் கொடுத்த ரைபிளைத் தூக்கினாலே கை நடுங்குகிறது. லேசான ரைபிள் இருந்தால் நானும் நன்றாகச் சுடுவேன் அல்லவா?
*– மாணவி, லாஸ்பேட்டை*

கை நடுங்குவதற்குக் காரணம் எடை என்று நினைக்கிறீர்கள். பாதி உண்மை. என்.சி.சி. பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள்: பழைய பி.எஸ்.ஏ. வகை .22 ரைபிள் 8 பவுண்டு 10 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 3.9 கிலோ. .22 டீலக்ஸ் 6 பவுண்டு 2 அவுன்ஸ், ஏறக்குறைய 2.8 கிலோ. உங்கள் கையில் முதலாவது விழுந்திருந்தால் இரண்டாவதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒலிம்பிக் வீரர்களைக் கவனியுங்கள். 50 மீட்டர் போட்டியில் ரைபிளின் எடை 8 கிலோ வரை இருக்கலாம் என்பது விதி. பலரும் கனமான ரைபிளையே விரும்புகிறார்கள். கனமான குழல் சட்டென்று அசையாது. இதயத்துடிப்பின் சிறு அதிர்வையும் விழுங்கிவிடும். லேசான ரைபிள் நாளெல்லாம் தோளில் மாட்டித் திரிய வசதி, குறியில் நிற்கச் சிரமம். திரிவது வேட்டைக்காரருக்கு வேண்டும். நிற்பதுதான் உங்களுக்கு வேண்டும்.

எடையைத் தசை தாங்கினால் நடுங்கும். எலும்பு தாங்கினால் நிற்கும். படுத்துச் சுடும்போது இடது முழங்கையை ரைபிளுக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள். ரைபிளின் வாரைப் புஜத்தில் இறுக்குங்கள். மூச்சை விட்டுவிட்டு அடுத்த மூச்சு எடுக்கும் முன் உடம்பே ஒரு கணம் ஓயும். அந்த ஓய்வில் விரலை மெல்ல அழுத்துங்கள். அடுத்த முகாமில் அதே ரைபிள் லேசாகத் தெரியும்.

சரி, வாங்கும் காலம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எதைப் பார்த்து வாங்குவது?
*– வாசகர், தவளக்குப்பம்*

பெயரைப் பார்க்கும் முன் பொருத்தத்தைப் பாருங்கள். ரைபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, கண்ணை மூடுங்கள். திறக்கும்போது கழுத்தை வளைக்காமல், தலையை நகர்த்தாமல், பார்வை நேராகக் குறிக்காட்டி வழியே போக வேண்டும். டிரிகரில் விரலின் நுனி மட்டும் படவேண்டும். கட்டை நீளமாக இருந்தால் முதுகு பின்னால் வளையும். குட்டையாக இருந்தால் மூக்கு பெருவிரலில் இடிக்கும்.

அடுத்தது டிரிகர். கரகரவென்று இழுபடாமல், ஒரே அளவான அழுத்தத்தில் சுத்தமாக விடுபடவேண்டும். விலை கூடுவதற்கு நியாயமான முதல் காரணம் இதுதான். மூன்றாவது, போல்ட் வகையாக இருக்கட்டும். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றினால் ஒவ்வொரு சுடுதலுக்கும் முன் யோசிப்பீர்கள். பழகும் காலத்தில் வேகம் கற்றுத் தருவது ஒன்றுமில்லை.

நம் நாட்டில் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை .22 ஸ்போர்ட்டிங் ரைபிள் செய்திருக்கிறது. பழைய குடும்பங்களிடமும் கிளப்புகளிலும் செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த பிர்னோ ரைபிள்கள் இருக்கின்றன; பராமரித்தவை இன்றும் நேர்த்தியாகச் சுடும். போட்டிக்குப் போகிறவர்கள் ஜெர்மனியின் ஆன்ஷுட்ஸ், வால்தர் பக்கம் போவார்கள். அது பிறகு.

தோட்டாவில் அதிவேக ரகம் வேண்டாம். குண்டு ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டரை, தாண்டிக் கிளம்பி வழியில் அதற்குக் கீழே இறங்கும்போது தள்ளாடும். போட்டித் தோட்டாக்கள் ஆரம்பத்திலிருந்தே ஒலிக்குக் கீழே போவது அதனால்தான். ஒரே ரகத்தில் இரண்டு பெட்டி சுட்டு, ஓட்டைகள் ஒன்றாகக் கூடுகின்றனவா என்று பாருங்கள். உங்கள் குழலுக்குப் பிடித்த தோட்டாவைத் தாள் சொல்லும்.

தோட்டா போடாமல் சும்மா டிரிகரை அழுத்திப் பழகலாமா?
*– வாசகர், முதலியார்பேட்டை*

.22 ரிம்ஃபயரில் கூடாது. விளிம்பில் அடிக்க வேண்டிய ஊசி, தோட்டா இல்லாதபோது குழலின் விளிம்பில் போய் இடிக்கும். ஊசியும் மழுங்கும், அறையின் வாயும் நசுங்கும். அதற்கென்று விற்கும் போலித் தோட்டாவைப் போட்டுப் பழகுங்கள். ஏர் ரைபிளில் இப்படிச் சும்மா அழுத்திப் பழக டிரை ஃபயர் விசை தனியே இருந்தால் அதில் தாராளமாகப் பழகலாம்.

லைசென்ஸ் கிடைக்குமா? 'துப்பாக்கியா?' என்று கலெக்டர் ஆபீஸில் முறைப்பார்களே!
*– வாசகர், வில்லியனூர்*

முறைத்தால் முறைக்கட்டும். கையில் சட்டம் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு உங்கள் ரைபிளைப் பெயர் சொல்லியே பேசுகிறது: மத்திய அரசு அங்கீகரித்த ரைபிள் கிளப் அல்லது சங்கத்தின் உறுப்பினர், குறி பார்க்கும் பயிற்சிக்காக .22 ரைபிள் கேட்டால் லைசென்ஸ் தரவேண்டும் என்று. வாசகத்தில் முக்கியமான சொல், உறுப்பினர். கிளப்பில் சேராமல் நேரே ரைபிளுக்கு ஓடுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. போலீஸ் விசாரணை உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சாதாரணக் குடிமகன் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ள முடியும். லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் ஐந்து ஆண்டு சிறை. 'யாரோ கொடுத்தாங்க, சும்மா வச்சிருக்கேன்' என்பது நீதிமன்றத்தில் நிற்காது.

பிரான்சில் இருக்கும் மாமா அடுத்த மாதம் வருகிறார். 'ஒரு கார்பீன் எடுத்து வரட்டுமா மாப்ளே?' என்கிறார். சரி என்று சொல்லட்டுமா?
*– வாசகர், நோணாங்குப்பம்*

மாமாவிடம் சீஸ் கேளுங்கள், வாசனைத் திரவியம் கேளுங்கள். கார்பீன் வேண்டாம். பிரான்சிலேயே அதை வாங்க வேட்டை அனுமதிச் சீட்டோ, சுடுதல் சங்க உரிமமோ காட்டவேண்டும். இந்தியாவுக்குள் துப்பாக்கி கொண்டுவர ஆயுதச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு தனி லைசென்ஸ் கேட்கிறது. அது இல்லாமல் வந்தால் ரைபிள் சுங்கத்திடமும் மாமா போலீஸிடமும் தங்கிவிடுவார்கள். விடுமுறைக்கு வருகிறவரை வீட்டுக்கு வரவிடுங்கள்.

ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே. அதில் ஆரம்பித்தால் கேவலமா?
*– வாசகர், மணவெளி*

கேவலமா? 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைபிளில். 2012-இல் லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வாங்கியதும் அதில்தான். அந்தப் போட்டித் தாளில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொட்டு. அதைத் தொட்டவர்களுக்கு முன்னால் .22 வைத்திருப்பவர் மீசையை முறுக்க முடியாது.

4.5 மி.மீ. அளவில், 20 ஜூல் சக்திக்கு மேற்படாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பெல்லட் மலிவு, உதைப்பு குறைவு, பத்து மீட்டர் இடம் போதும். நிற்கும் விதம், மூச்சு, விரல் எல்லாவற்றையும் இதிலேயே கற்றுவிடலாம். நோணாங்குப்பத்து நண்பருக்கும் என் சிபாரிசு இதுதான்: முதல் ரைபிள் ஏர் ரைபிளாக இருக்கட்டும்.

லைசென்ஸ் வேண்டாம் என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணாதீர்கள். பெல்லட் ஒரு கண்ணைப் போக்கிவிடும். மொட்டை மாடியில் குறி வைத்து, அடுத்த மாடியில் துணி காயப்போடும் அம்மாவைக் குறியின் எல்லைக்குள் கொண்டுவராதீர்கள்.

என் மகனுக்கு ஏர் கன் வாங்கிக் கொடுத்தோம். இப்போது குருவி, மடையான் எல்லாவற்றையும் அடிக்கிறான். அடித்துத் திருத்துவதா, கொஞ்சித் திருத்துவதா?
*– ஒரு தாய், பாகூர்*

இரண்டும் வேண்டாம் அம்மா. முதலில் துப்பாக்கியை வாங்கிப் பூட்டுங்கள். ஏர் கன்னால் பறவையை அடித்தாலும் அது வேட்டைதான். லைசென்ஸ் தேவைப்படாத துப்பாக்கி என்பதற்காகச் சட்டம் விலக்கு தரவில்லை.

பிறகு மகனிடம் ஒரு கதை சொல்லுங்கள். நூறாண்டுக்கு முன் பம்பாயில் ஒரு சிறுவன் ஏர் கன்னால் ஒரு சிட்டை அடித்தான். அதன் தொண்டையில் மஞ்சள் பட்டை இருந்தது. இது என்ன பறவை என்று தெரிந்துகொள்ள, பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்குக் கொண்டுபோனான். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட், கண்டிப்பதற்குப் பதிலாக அலமாரி அலமாரியாகப் பறவைகளைத் திறந்து காட்டினார். அந்தச் சிறுவன்தான் சலீம் அலி. 1985-இல் அவர் எழுதிய தன்வரலாற்றுக்குத் தலைப்பே அந்தச் சிட்டின் வீழ்ச்சிதான்.

உங்கள் மகனுக்குப் பறவையைக் கண்டுபிடிக்கும் கண் இருக்கிறது. அதை வீணாக்காமல் ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். ஊசுட்டேரிக்கு அழைத்துப் போங்கள். சுடும் ஆசை மிச்சம் இருந்தால் தாள் இருக்கிறது.

அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் ஏர் கன் ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய மக்கள் தாமாக முன்வந்து 2,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை ஒப்படைத்தார்கள். காட்டையே வீடாகக் கொண்டவர்களால் முடிந்தது, பாகூர் ஏரிக்கரைப் பையனால் முடியாதா?

சுண்ணாம்பாற்றின் முகத்துவாரத்து மணல்திட்டில் காலை ஆறு மணிக்கு ஈ, காக்கை கிடையாது. பாட்டிலை மிதக்கவிட்டுச் சுட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?
*– வாசகர், நோணாங்குப்பம்*

இந்த இதழில் எனக்கு அச்சம் தந்த ஒரே கேள்வி இது. தண்ணீர் .22 குண்டைத் திருப்பிவிடும். தாழ்ந்த கோணத்தில் பட்டால் உள்ளே போகாமல் எம்பிப் பாயும். எந்தத் திசையில் என்று சுட்டவருக்கே தெரியாது. சின்னக் குண்டு என்று ஏமாறாதீர்கள், தடை இல்லாவிட்டால் அது ஒரு மைலுக்கு மேல் போகும். நோணாங்குப்பத்தில் எந்தப் பக்கம் ஒரு மைல் அளந்தாலும் அதற்குள் படகுத்துறை இருக்கிறது, கடலூர் ரோடு இருக்கிறது, வலை இழுப்பவர் இருக்கிறார், விடியலில் நண்டு தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாததால் அவர்கள் இல்லை என்று ஆகிவிடாது.

சுடுகளத்தின் நான்கு விதிகளைப் படியுங்கள். ஒன்று, எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினை. இரண்டு, அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல்வாய் திரும்பக் கூடாது. மூன்று, சுடும் கணம் வரை டிரிகரில் விரல் கூடாது. நான்கு, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகே சுடு. நான்காவது விதிக்காகத்தான் சுடுகளத்தில் மண்மேடு எழுப்புகிறார்கள். கடலுக்கு மண்மேடு கிடையாது.

இன்னொன்று: தோட்டா வெடிக்காவிட்டால் உடனே திறந்து பார்க்காதீர்கள். குழல்வாயைக் குறியின் பக்கமே வைத்து முப்பது நொடி காத்திருங்கள். தாமதமாகப் பற்றும் தோட்டாவும் உண்டு.

கோயில் திருவிழாவில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிக்கலாமா? லைசென்ஸ் துப்பாக்கிதான்.
*– வாசகர், கிருமாம்பாக்கம்*

கூடாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கொண்டாட்டச் சுடுதலே தனிக் குற்றம்: இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு கீழே வந்தே தீரும், கூட்டத்துக்கு நடுவில். சாமிக்கு அதிர்வேட்டு போதும்.

நரிக்குறவர்கள் முன்பு நாட்டுத் துப்பாக்கியோடு கொக்கும் காடையும் அடித்து விற்பார்கள். அதுதான் அவர்கள் பிழைப்பு. சட்டம் அதையும் பறித்தது சரியா?
*– ஆசிரியை, கடலூர்*

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், இழப்பு ஒன்றல்ல. ஜமீன்தாருக்கும் துரைக்கும் வேட்டை பொழுதுபோக்கு. அது போனதும் அவர்கள் டென்னிஸ் ஆடினார்கள். குருவிக்காரர் என்றே பெயர் பெற்ற மக்களுக்கு அது சோறு. குழல்வாயில் மருந்தையும் ரவையையும் கெட்டித்து, பறவையின் குரலைத் தொண்டையில் எழுப்பி, ஒரே வெடியில் பிடிக்கும் திறமை அவர்களுடையது.

பறவைகளைக் காப்பாற்ற வேட்டை நிற்கவேண்டியதுதான். ஆனால் வேட்டையை நிறுத்திய அரசு, பதிலுக்கு வீடும் பள்ளியும் வேலையும் கொடுத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் வரை ஆனது. பறவையின் வழித்தடமும் கூடும் குரலும் அறிந்தவர்களைச் சரணாலயங்களில் காவலர்களாக, வழிகாட்டிகளாக அமர்த்தலாம். அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

என் பதின்மூன்று வயது மகள் ரைபிள் சுடப் பழகவேண்டும் என்கிறாள். 'பொண்ணுக்கு எதுக்குத் துப்பாக்கி' என்கிறார் மாமியார்.
*– ஒரு தாய், கடலூர்*

மாமியாரிடம் உங்கள் ஊர்ப்பெண் இளவேனில் வாலறிவனைப் பற்றிச் சொல்லுங்கள். 1999-இல் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்தவர். 10 மீட்டர் ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கங்கள் வென்று, டோக்கியோவிலும் பாரீஸிலும் ஒலிம்பிக்கில் நின்றவர். ரைபிளுக்கு ஆண், பெண் தெரியாது. அசையாமல் நிற்பவரைத் தெரியும்.

சொந்தத் துப்பாக்கிக்குத்தான் 21 வயது. பயிற்சிக்காக, கண்காணிப்பில், சிறியவர்கள் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. ஏர் ரைபிளில் தொடங்குங்கள். வீடு திரும்பியதும் சாப்பிடும் முன் கை கழுவச் சொல்லுங்கள், ஈயம் விரலில் ஒட்டும்.

கடல்காற்றில் எங்கள் ஊரில் சைக்கிளே துருப்பிடிக்கிறது. ரைபிள் தாங்குமா?
*– வாசகர், வீராம்பட்டினம்*

துடைத்தால் தாங்கும். தொட்ட விரலின் வியர்வையே போதும், மறுநாள் ரேகை துருவாகத் தெரியும். சுட்டு முடித்ததும் மெல்லிய எண்ணெய்த் துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள். துணிப்பையில் போட்டு வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூட்டிய அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தோட்டா வேறு அலமாரியில், வேறு சாவியில்.

இவ்வளவு தடை, இவ்வளவு எச்சரிக்கை. பேசாமல் துப்பாக்கியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே?
*– வாசகர், நோணாங்குப்பம்*

சொல்லமாட்டேன். 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரீஸில் ஸ்வப்னில் குசாலே, 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை பார்த்தவர். கையில் இருந்தது நீங்கள் கேட்ட அதே .22 ரிம்ஃபயர். மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடவேண்டும். ஐம்பது மீட்டரில் பத்துப் புள்ளியின் அகலம் 10.4 மி.மீ. கொஞ்சம் பலமாகக் காற்று வீசினால் குண்டு ஓரிரு சென்டிமீட்டர் தள்ளிப்போகும். கொடி அசைவதைப் பார்த்து, காற்றைக் கணக்கிட்டு, தன் மூச்சையும் அடக்கி அந்தப் பொட்டைத் தொடுவதைவிட முயலைச் சுடுவது கஷ்டமா? முயல் பெரியது, பக்கத்தில் இருப்பது, திருப்பிச் சுடாதது. அதில் சாமர்த்தியம் என்ன இருக்கிறது?

ஆகவே வரிசை இதுதான்: முதலில் ரைபிள் கிளப்பின் உறுப்பினர் அட்டை. பிறகு கிளப்பின் ஏர் ரைபிள். பிறகு கிளப்பின் .22. நாலைந்து வகையைத் தோளில் வைத்துப் பார்த்தபின், உங்கள் கைக்கு எது பொருந்தும் என்று என்னைக் கேட்கவேண்டிய அவசியமே இருக்காது. அப்போது லைசென்ஸுக்கு எழுதிப் போடுங்கள். நல்ல சுடுநராக வர மனதார வாழ்த்துகிறேன்.